வேண்டாமென்றவை

கோடு போட்ட நோட்டில் மூன்று பத்திகள்.
வந்தது.
போனது.
மூன்றாவதற்குத் தலைப்பு வைக்க ஒரு வாரம் பிடித்தது:
வேண்டாமென்றவை.

வெள்ளிக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில்
சும்மா கொடுத்த சீஸ் பீட்சா
இரண்டு துண்டு: நாலு யூரோ.
ஃபெம்கெவின் பிறந்தநாள் கேக்: மூன்று.
கத்தியில் ஒட்டிய க்ரீமை நான் பார்த்ததை
அவள் பார்த்துவிட்டாள்.
கருத்தரங்கு மதிய உணவில்
என்னால் தொட முடிந்தது
ஒரு ஆரஞ்சு, கொஞ்சம் திராட்சை.
தொடாத மிச்சத்துக்கு ஒன்பது.

ஓசியை மறுக்கிறவனுக்கு
வாஹனிங்கனில் செலவு அதிகம்.
மார்ச் முடியும்போது
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சென்ட்டுக்கு
நல்லவனாக இருந்திருக்கிறேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள்.
எனக்கு இரண்டும் ஒரே முடிச்சு இல்லை.
வாயைக் கட்டியது கன்றுக்குட்டிக்காக.
வயிற்றைக் கட்டியது வாடகைக்காக.
எந்தக் கயிறு எது என்று
மாதக் கடைசியில் எனக்கே குழம்பிவிடும்.

சனிக்கிழமைச் சந்தைக்கு
மூன்று மணிக்குப் போனால் அவர்கள் விலை,
கூடாரம் பிரிக்கையில் போனால் என் விலை.
என் சைக்கிள் பெல் கேட்டதும்
காளான்காரர் ஹார்ம்
பலகைக்கு அடியிலிருந்து ஒரு கூடையை எடுத்து வைப்பார்.
ஒரு யூரோ.
"காம்பு கறுத்திருக்கு, இன்னிக்கே சமைச்சிடு."
அதற்கு மேல் பேச்சு கிடையாது.
மழை அவருக்குப் பின்னால் சாய்வாகப் பெய்யும்.

கொண்டைக்கடலை இரவெல்லாம் ஊறும்.
வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதில்லை.
அடிக்க அடிக்க வெள்ளையாக நுரைக்கும்,
யாரையும் கேட்டு வாங்காத நுரை.
ஹிருத் கதவில் சாய்ந்து
"இன்னிக்கும் கடலையா?" என்பாள்.
அடிஸ் அபாபாக்காரி.
நோன்பு நாட்களில் அவளும் என் கட்சி.
ஈஸ்டர் அன்று காலையிலேயே
கோழிக் குழம்போடு
என்னை விட்டுப் போய்விட்டாள்.

நவம்பரில் ஷூ வாய் பிளந்தது.
தோல் இல்லாதது, புதியது: தொண்ணூற்றைந்து.
பழைய சாமான் கடையில்
தோல் ஷூ, என் அளவு, நாலு.
செத்த மாடு செத்ததுதான்,
நான் வாங்காவிட்டால் எழுந்து நடக்கவா போகிறது
என்று இருபது நிமிடம்
விளக்குக் கூண்டுகளுக்கும் உடைந்த டென்னிஸ் மட்டைகளுக்கும் நடுவே
நின்றேன்.
வாங்கினேன்.
அந்த நாலு யூரோவை
எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

உதவித்தொகை இருபத்துநாலாம் தேதி வரும்.
அனுப்புவது ஒரு பால் கூட்டுறவுச் சங்கம்.
சூட்டில் பால்புரதம் எப்படிச் சுருண்டுகொள்கிறது
என்பது என் ஆய்வு.
முதல் நாளே சொல்லிவிட்டேன், நான் வீகன் என்று.
பேராசிரியர் டீட்ஸ்கெ கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"நீ குடிக்க வேண்டாம்.
அளந்தால் போதும்."

அறைத்தோழன் யெல்லெ
பாத்திரம் தேய்க்கும் பஞ்சுக்கு
முப்பத்தெட்டு சென்ட் கேட்டு
போனில் டிக்கி அனுப்புவான்.
கோபமில்லாமல், கூச்சமில்லாமல்,
மணி என்ன என்று கேட்பதுபோல.
அவனே தினமும் காலையில்
என் ஓட்ஸ் பாலைத் தன் காபியில் ஊற்றிக்கொள்வான்.
கேட்க எனக்கு வாய் வராது.
டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.
கோடு இறங்கியது.
இன்னொரு கோடு போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி,
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்க,
இரண்டு யூரோ அறுபது என்று அடித்து
அனுப்பு பொத்தானுக்கு மேல்
விரலை வெகுநேரம் வைத்திருந்தேன்.
அனுப்பினேன்.
போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடத்தில் பணம் வந்தது, கூடவே ஒரு வரி:
"எப்பக் கேப்பியோன்னு பார்த்துட்டே இருந்தேன்."

ஏப்ரலில் மாடுகளை வெளியே விட்டார்கள்.
ஆய்வகத்துக்குப் போகும் வழியில்
கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கின்றன.
சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன்.
ஒன்று தலையைத் தாழ்த்தி
என் ஷூவையே பார்த்தது.

புல்லைத்தான் பார்த்திருக்கும்.