ஃபூர்ரோவுக்கு ஒரு குவளை

குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாளாகிறது.
மராக்காய்போவில் நவம்பரும் வெயில்தான்.
ஏரி எதிரே பளபளக்கிறது
எண்ணெய் மினுக்கோடு,
வாய் வைக்க ஆகாமல்.

மின்சாரமும் போய்விட,
தெருவில் நாற்காலி போட்டோம்.
சினீட்டா மாதாவின் திருநாளுக்கு
இன்னும் இரண்டே இரவு.
எவுதோமாரியோ ஃபூர்ரோவை
முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு
தன் உள்ளங்கையையே பார்க்கிறான்.

இதை அடிக்கக் கூடாது.
தோலின் நடுவில் நட்ட கோலை
ஈரக்கையால் உருவ வேண்டும்.
உருவினால் உறுமும்.
கை காய்ந்தால் வெறும் பீப்பாய்.

சும்மா இருந்த வாய்கள் சண்டையைத் தொடங்கின.

"என் கொள்ளுப்பாட்டன்மார்
கப்பலின் அடித்தளத்தில் கொண்டுவந்த குரல் இது"
என்றாள் போபூரெஸ்காரி நெல்வா.

"ஸ்பெயினில் இடையர்கள்
கிறிஸ்துமஸுக்குப் பானை வாயில் தோல் கட்டுவார்கள்,
அதுதான் இது"
என்றார் மருந்துக்கடை ரெகூலோ,
போய்ப் பார்த்தவர் போல.

கையில் மரக்காவோடு
வயூ பெண் மிலெய்டிஸ் சிரித்தாள்:
"தோல் என் அக்கா வீட்டு ஆடு.
பாதிப் பணம் பாக்கி."

அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

நான் சர்ராஸ்கா சுரண்டுகிறவன்.
பகலில் குளிர்பெட்டி பழுதுபார்ப்பு.
இந்த ஊரில்
இரண்டுமே சுரண்டல்தான்.

அப்போது மாடியிலிருந்து
கயிற்றில் ஒரு கூடை இறங்கியது,
தட்டுத் தடுமாறி.
உள்ளே தட்டு மூடிய குவளை,
குவளையில் முக்கால் தண்ணீர்.

ஒர்னெல்லா. இத்தாலிக்காரி.
எங்கள் சத்தத்தைப் பற்றி
மூன்று வருடமாய்ப் புகார் எழுதுகிறவள்.

"காப்பிக்கு வைத்திருந்தது.
குடித்துவிடாதீர்கள்.
தண்ணீர் வாரியத்தைத் திட்டும் அடியில்
என் பெயரும் வர வேண்டும்."

எவுதோமாரியோ விரல் நுனியைத் தோய்த்தான்,
ஞானஸ்நானம் கொடுக்கிறவன் போல,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
கோலைப் பிடித்து உருவினான்.

அடிவயிற்றிலிருந்து எழுந்தது அது.
குவாட்ரோவின் நான்கு நரம்பும்
அதன் முதுகில் ஏறிக்கொண்டன.
மாதாவுக்கு ஒரு அடி,
மந்திரிக்கு ஒரு அடி,
அக்காவின் ஆட்டுக்கும் ஒன்று.
ஒர்னெல்லாவுக்கு எதுகை கிடைக்காமல்
நெல்வா அவள் பெயரை இழுத்து இழுத்து
முறுக்கிப் போட்டாள்.
மாடியில் கைதட்டல்,
தாளம் தப்பி.

நடுப்பாட்டில்
யார் வீட்டிலோ திறந்தே கிடந்த குழாய்
உறுமியது.

நிறுத்தினோம்.
வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
ரெகூலோ ஒரு செருப்போடு.

காற்று.
வெறும் காற்று,
குழாயின் தொண்டையைச் செருமிக்கொண்டு.

வாளியோடு நின்றோம், அசடு வழிய.
எவுதோமாரியோ மட்டும் எழவே இல்லை.
தலையைச் சாய்த்துக் கேட்டான்.
குவளையில் மிச்சமிருந்த ஈரத்தில் கை நனைத்து
குழாயின் சுருதியைத் தேடினான்,
கொஞ்சம் கீழே,
இன்னும் கொஞ்சம்,
பிடித்துவிட்டான்.

காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு
மிலெய்டிஸ் தட்டத் தொடங்கினாள்.