ஆறு நிமிடம்

டலூத்தில் ஏரி இன்னும் உறையாத நவம்பர்.
முதலில் நான் ஏறியது
தூண்டில் கடையின் மாடிக்கு.
படியெல்லாம் மீன்குஞ்சு வாடை.
ஆரின் ட்வேட், வழக்கறிஞர் என்றது கதவு.
கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்திருந்தது.
என் கதை முழுவதும் கேட்டுவிட்டு
ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல் கேட்டார்:
'அடுத்த வருடம் இதே நாள்
காலை ஏழு மணிக்கு
எந்தச் சமையலறையில் நிற்க விரும்புகிறீர்கள்?'
பிறகு சொன்னார்:
'நான்கு மாதம் ஆகும்.
முடிவில் இரண்டு பேருக்கும்
கொஞ்சம் மனக்குறை இருக்கும்.'

மனக்குறை வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்தது.
அதற்குக் காசு கொடுப்பானேன் என்று
இறங்கி வந்துவிட்டேன்.

கிரெட்சன் வாஸ்பெர்க்கின் முகம்
நெடுஞ்சாலை ஓரம்
வீட்டு உயரத்துக்கு நின்றது.
அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர்,
எலுமிச்சை மிதக்கும் தண்ணீர்.
நான் 'டுவெய்ன்' என்றேன்.
அவள் 'எதிர்த்தரப்பு' என்று எழுதினாள்.
பதினான்கு வருடம் பக்கத்தில் குறட்டை விட்டவன்
ஒரு பேனா அசைவில்
எதிரே போய் உட்கார்ந்தான்.
அன்று அது இனித்தது.
மறைக்க மாட்டேன்.

முதல் கடிதம் போனது.
அதுவரை அவனுக்கு வக்கீலே இல்லை.
படித்த மறுநாள்
மினியாபொலிசிலிருந்து ஒருவரை அமர்த்தினான்,
என்னுடையவளைவிட
மணிக்கு இருபது டாலர் கூடுதலானவரை.

அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இரண்டு கடிதத்தாள்கள் பேசிக்கொண்டன.
உறைந்த ஏரிமேல் அவன் மீன்பிடிக்கும் குடிசையை
மதிப்பிட ஒருவர் வந்தார்.
எட்டடிக்கு ஆறடிப் பலகைப் பெட்டி,
தரையில் இரண்டு ஓட்டை.
அதன் விலையைவிட அவர் கூலி அதிகம்.
டெஸ்ஸாவின் பல் கம்பிக்குச் சேர்த்த பணம்
'சர்ச்சைக்குரிய கணக்கு' ஆனது.
அவள் வாயை மூடிச் சிரிக்கப் பழகினாள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தது நான்தான்.
நான் குறிவைத்தது ஒரு பழைய படகை.
பாதி வழியில்
அம்பு தானே குறியை மாற்றிக்கொண்டது,
என் கையெழுத்தோடு.

மாதம் தவறாமல் பில் வரும்,
காலம் ஆறு ஆறு நிமிடமாக நறுக்கப்பட்டு.
எதிர்த்தரப்புக் கடிதம் வாசித்தது: நான்கு துண்டு.
பதில் எழுதியது: பதினொன்று.
கட்சிக்காரருடன் தொலைபேசியில்: ஏழு.
அந்த ஏழில் ஐந்து, நான் அழுதது.
மறுமுனையில் பொறுமையாக இருந்தாள்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர் பொறுமை.

பத்தொன்பதாம் மாதம்.
நீதிமன்ற நடைவழியில்
காபி இயந்திரம் அவன் நாணயத்தை விழுங்கிவிட்டது.
பையில் துழாவி ஒன்று கொடுத்தேன்.
'குடித்துவிட்டு டெஸ்ஸாவைக் காரில் கூட்டிப்போனேன் என்று
எழுதியிருந்தாயே, மார்லிஸ்.'
'ஒரு பீர், படகில், ஜூலை நான்காம் தேதி.
அவ்வளவுதான் சொன்னேன்.'
'படகில்தான்,' என்றான்.
கோப்பை நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.
'அதற்குப் பதிலாகத்தான்
உன் தூக்க மாத்திரையை எழுதச் சொன்னார்கள்.
நான் சரி என்றேன்.'
காபி தண்ணியாக இருந்தது.
பேசியது இரண்டு துண்டு நேரம் இருக்கும்.
யார் கணக்கிலும் ஏறவில்லை.

வீடு விற்றாயிற்று.
எந்தச் சமையலறை என்று இப்போது தெரியும்:
சலவைக் கடைக்கு மேலே,
ஒரே அடுப்பு, சோப்பு மணக்கும் ஆவி.

நேற்று தூண்டில் கடை முனையில்
சிவப்பு விளக்குக்கு நின்றேன்.
மாடிக் கதவு திறந்தது.
யாரோ ஒருத்தி மூக்கைப் பொத்தியபடி
இறங்கி வந்தாள், வேகமாக.
ஹாரன் அடிக்கக் கை போனது.
விளக்கு பச்சையானது.
பின்னாலிருந்தவர் அடித்தார்.