வியாழக்கிழமைக் கல்

எங்கள் ஊரில் உடம்பைக் கல்லில் சொல்வோம்.
பதினான்கு பவுண்டு ஒரு கல்.
வியாழன் மாலை ஆறு மணிக்கு
லனெத்லியில், பெத்தேல் சபையின் பின்கூடத்தில்
அந்தக் கற்களை அட்டையில் எழுதுபவள்
பதினோரு வருடமாக
நான்.

மேசைக்கு இந்தப் பக்கம் பணப்பெட்டி, நீல மை.
அந்தப் பக்கம் வரிசை.
ஆலங்கட்டி விழும் ஜனவரியிலும்
மெல்லிய பருத்திக் கால்சட்டையில் வருவார்கள்.
காலணி, இடுப்புவார், கைக்கடிகாரம் எல்லாம் நாற்காலியில்.
மைனிர் கல்யாண மோதிரத்தைச்
சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டே வருவாள்.
முதல் நாள் இரவிலிருந்து பட்டினி.
மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறுவார்கள்,
காற்றையும் எடைக்கல் நிறுத்துவிடும் என்று.

அரைப் பவுண்டு இறங்கினால் கைதட்டு.
ஏறினால் எண்ணைப் பொடியாக எழுதுவேன்.
என்னால் முடிந்த கருணை அவ்வளவுதான்.

ஏழரைக்குக் கூட்டம் கலையும்.
எதிரே மீனும் வறுவலும் விற்கும் கடை,
கண்ணாடி முழுக்க ஆவி.
அடுத்த வியாழனுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
நின்றபடியே தின்போம்,
உட்கார்ந்தால் கணக்கில் வந்துவிடும்போல.
நானும்தான்.

போன மார்ச்சில் டெலித்
காலணியைக் கழற்றவில்லை.
மழை சொட்டும் கோட்டையும் கழற்றவில்லை.
கையில் ரொட்டிக்கடை ரசீது,
அதன் முதுகில் பென்சில் கூட்டல்.

"முப்பத்தொரு வருஷம், நெஸ்டா.
தங்கை கல்யாணத்துக்கு மூணு கல்.
அவர் விட்டுட்டுப் போனப்ப நாலு, அது தானா இறங்கினது.
எல்லாம் கூட்டினா இருபத்தாறு.
முழுசா ரெண்டு பொம்பளையை
வாசல்வரைக்கும் வழியனுப்பியிருக்கேன்.
ஒருத்தியாவது போன இடத்துல இருந்தாளா?
பழைய குருடி கதவைத் திறடின்னு
பெட்டியோட வந்து நிக்கறா,
இடுப்புல ஒரு புதுக் குழந்தையோட."

சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
வரிசையில் மூன்றாவதாக நின்ற எய்ர்லிஸ்
விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள்.

டெலித் வாரச் சந்தாவை வைத்து,
"தேநீருக்கு" என்றாள்.
எடைக்கருவியைச் சுற்றிக்கொண்டு போனாள்,
தூங்கும் நாயைச் சுற்றிப் போவதுபோல.
அவள் அட்டையில் எண்ணுக்கான கட்டம்
வாயைத் திறந்தபடி இருந்தது.
வந்தாள், என்று எழுதினேன்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வராது.
மைனிர் வேறொரு கூடத்தில் வேறொரு வரிசையில் நிற்கிறாள்.
எய்ர்லிஸ் மே மாதம் நிறுத்தினாள், ஆகஸ்டில் திரும்பினாள்,
இப்போது மறுபடி நிறுத்தியிருக்கிறாள்.
டெலித்துக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு.
டாக்டர் இன்னும் உதட்டைப் பிதுக்குகிறார்.
அவள் இன்றைய இடுப்புக்கு மூன்று கால்சட்டை வாங்கினாள்.
மெலிந்தபின் போட வைத்திருந்த பச்சை கவுனை
அறக்கொடைக் கடையில் கொடுத்துவிட்டு,
இரண்டாம் நாள் எட்டிப் பார்க்கப் போனாள்.
யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.
சாலையில் நின்று அழுதாளாம், சின்னதாக.
பிறகு நீச்சல் குளத்துக்குப் பேருந்து ஏறினாளாம்.

நான் பேனாவை மேசையிலேயே விட்டு வந்தேன்.
வியாழனிலும் மதியம் சாப்பிடுகிறேன்,
ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய் தடவி.
ஆனால் கடையில் பொட்டலத்தைத் திருப்பி
கலோரி பார்க்கும் கை இன்னும் என் கைதான்.
சில நாள் படித்து முடித்த பிறகே தெரிகிறது.

முந்தாநாள் வறுவல் கடையில்
மேசை கேட்டு உட்கார்ந்தோம், டெலித்தும் நானும்.
தட்டு, முள்கரண்டி, வினிகர் குப்பி.
அவள் குளத்துக் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது
உள்ளிருந்து யாரோ போதும் என்றார்கள்.
சட்டென்று அடையாளம் தெரியவில்லை.
என் வயிறு.

"உனக்கு வேணாமா அது?" என்று
தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் டெலித்.