ஒண்டு குறையுது

கரடியனாற்றில் பெற்றோல் அடித்து
கிறவல் றோட்டில் கிறுகினோம்.
பருத்தித்துறையில் தொடங்கிய பயணம், இன்று நாலாம் நாள்.
முழங்கை வரை செம்மண்,
அரிநாத்தின் தாடியிலும்.

குளத்துக்குப் பெயர்ப்பலகை இருந்தது,
பெயர்தான் இல்லை.
துரு தின்றதுபோக மிஞ்சியது 'மடு' மட்டும்.
துருசுக்கு மேலே ஒரு கொக்கு,
நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஒரே ஊழியர்.

குனிந்து ஒரு கை அள்ளினேன்.
வாவிக்கரையில் பிறந்த நாக்கு
எந்தத் தண்ணீரிலும் முதலில் உப்பைத் தேடும்.
இல்லை.
இன்னொரு கை அள்ளினேன்.

கூடாரம் கொழும்பில் வாங்கியது. பச்சை.
விலைச்சீட்டு இன்னும் காதில் தொங்க
அரிநாத் கம்பிகளைப் பொருத்துகிறான்,
தாளை வாசித்து, தாளைத் திருப்பி, தாளோடு சண்டை பிடித்து.
அதற்குள் நான் அலுமினியக் கோப்பையால்
சுற்றிவர மண்ணைக் கிண்டி முடித்திருந்தேன்.
ஒரு சாண் ஆழம். நாலு பக்கம்.
சரிவுப் பக்கம் வாய்.

"மழையே இல்லை, என்னத்துக்கு இது?"
கைக்குத் தெரிந்திருக்கிறது.
என்னைக் கேட்கவில்லை.
"எங்கை பழகினனீ?"
"பள்ளிக்கூடத்தில. கேர்ள் கைட்ஸ்."

பதினொரு மாதம்.
அதை ஒருவரும் கேம்பிங் என்று சொன்னதில்லை.
நீலத் தறப்பாள்,
இரவெல்லாம் காற்று அதை வாசித்துக்கொண்டே இருக்கும்.
காலையில் ஒருவர் கொப்பியோடு வந்து
தலைகளை எண்ணுவார். ஏழு.
ஒரு காலை ஏழை வெட்டி
ஆறு என்று எழுதினார்.
பேனை எழுதவில்லை, உதறிவிட்டு எழுதினார்.

பொழுதுபட எருமைகள் வந்தன.
பின்னால் சைக்கிளில் பட்டிக்காரப் பெடியன்,
லவநீதன்.
போனில் மூன்று வீதம் சார்ஜ் என்று
சலாம் சொல்வதற்கு முன்பே சொன்னான்.
பைக்கில் கொழுவிக் கொடுத்தோம்.

"இதாலதான் ஆன இறங்கும்.
அங்கால பாறையில போட்டுப் படுங்க."

பாறையில் வாய்க்கால் வெட்ட முடியாது.
கூடாரத்தைத் தூக்கிப் போனோம்.
என் சதுரம் வெறுமனே கிடந்தது கரையில்.

அவன் எண்ணினான். விரலை நீட்டி மறுகாவும் எண்ணினான்.
"நாப்பத்திமூணு. ஒண்டு குறையுது."
காட்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
காடு காடாகவே இருந்தது.
போகும்போது இலக்கத்தைத் தந்தான்,
கூடவே ஓர் ஆனைவெடி.
"திரியப் பத்தவெச்சா உடன எறிஞ்சிரணும்,
கையில வெச்சி யோசிக்கப்படாது."

நடுச்சாமம் மருதமரப் பக்கம் கிளை முறிந்தது.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உறிஞ்சும் சத்தம்,
ஒரு கலியாண வீடே
சுடச்சுடத் தேத்தண்ணி குடிப்பதுபோல.
எங்கள் இருவருக்கும் நடுவில்
பிள்ளை மாதிரிக் கிடந்தது வெடி.
தீப்பெட்டி அவன் கையில்.
அந்தக் கையை
நான் விடவில்லை.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேர்ள் கைட்ஸை அவன் நம்பவில்லை என்று
அப்போதுதான் விளங்கியது.

விடிய இறங்கிப் பார்த்தோம்.
என் சதுரத்துக்கு உள்ளே ஒரே ஒரு பாதம்,
சுளகளவு.
அதில் தேங்கிய தண்ணீரில்
தும்பியொன்று வாலை நனைத்து நனைத்துப் பறந்தது.
வெடியைத் துருசுக் கம்பியில்
நனையாமல் பையில் சுற்றிக் கட்டிவிட்டு
புறப்பட்டோம்.

இரண்டு கட்டை போயிருப்போம்.
றோட்டோரச் சேற்றில் கழுத்தளவு புதைந்து,
ஒற்றைக் கொம்பில் தாமரை இலை சொருகி,
ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முகத்தோடு
ஓர் எருமை.

அரிநாத் படம் எடுத்தான்.
நான் இலக்கத்தை அழுத்தினேன்.
கவரேஜ் ஒரு கோடு. கோடில்லை.
பைக் சீற்றில் ஏறி நின்றேன், மறுபடி ஒரு கோடு.

"ஹலோ, தம்பி,
கேக்குதா?
ஒண்டு இஞ்ச நிக்கிது."