காய்

என் கணவர் கோவர்த்தனன்
தமிழில் ஒரு சொசைட்டி கிளார்க்.
கேட்டால் பதில், அதுவும் பாதி.

பந்தடி ஐந்தாம் தெருவில்
அம்மா வீட்டுப் படியேறினால் வேறு ஆள்.
செருப்பைக் கழற்றிக்கொண்டே
சௌராஷ்டிரத்தில் ஒரே ஒரு வரி.
பதினோரு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்,
நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது.

"என்ன சொன்னீங்க?"
யோசித்தார்.
"கரண்டு போயிருச்சுன்னேன்."

ரிஜிஸ்தர் ஆபீஸில் நான்
கையெழுத்துப் போட்டது
அந்த ஆளுக்கு இல்லை.

செல்லூரில் நான் வாய் திறந்தால்
பஸ் ஸ்டாப்பே சிரிக்கும்.
இங்கே எனக்கு
அமைதியான பொண்ணு என்று பெயர்.
தெரியாத பாஷையில் யார்தான் வாயாடி?

ஆடி வெள்ளி, கூடையோடு நுழைகிறேன்.
"காய்?" என்றார் மாமியார்.
"கத்திரிக்காய்" என்றேன்.

அவர்கள் பாஷையில் அதற்கு
'என்ன' என்று அர்த்தமாம்.
சிரிப்பு மாடி ஏறி
பக்கத்து வீட்டுக்குக் குதித்தது.
"பெரிய ஆளுதான் நீ" என்று
நாத்தனார் தோளில் தட்டினாள்.
வேணும்னு சொல்லவில்லை என்பதை
இன்னும் நான் சொல்லவில்லை.

இப்போது மாமியார் தினமும் கேட்கிறார்.
நேற்று முருங்கைக்காய்.
இன்று சுண்டைக்காய், அதற்கே ஒரு ஆட்டம் சிரித்தார்.

ராத்திரி நிஜமாகவே கரண்டு போனது.
இருட்டில் கட்டில் குலுங்கியது.
"என்ன?" என்றேன்.

"காய்னு கேளு" என்றார்.