இரண்டும் இடது

டிராமில் ஏறும்போதே ஆரம்பித்தது.
தோளில் குறுக்கே கிடந்த ஸ்கீ பலகைகளின் முனை
ஒருவரின் தொப்பியைக் கழற்றி
அடுத்த நிறுத்தம் வரை ஏந்தி வந்தது.
மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன்.
வால்பக்கம் யாரோ
காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.
ஒன்றே முக்கால் மீட்டர் அகலமுள்ள பெண்
எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது.

இரவுப் பேருந்து ஓட்டுநர் சட்டம் பேசினார்.
பலகைக்குத் தனிச் சீட்டு.
கோல்கள் பலகையோடு சேர்த்தி.
காலணிப் பைக்கு?
அவர் யோசித்தார்.
பின்னால் இருபது பேர்
யோசிக்காமல் நனைந்தார்கள்.
கைப்பை, என்றேன்.
ஏழு கிலோ கைப்பை
பிராக்கிலிருந்து எல்லை வரை
என் தொடைகளை மரக்கவைத்துத் தூங்கியது.

நிலவறையை நாங்கள் பங்கு பிரித்தது அக்டோபரில்.
பல்பு போயிருந்தது.
யார் மாற்றுவது என்பதில்
பதினொரு வருடத் தகராறு பாக்கி.
கைபேசி வெளிச்சத்தில் போஹுமில் எடுத்துப் போட்டான்:
உன் கூடாரம்
என் சைக்கிள் பம்பு
உன் ஊறுகாய் ஜாடிகள்
இருவருக்கும் வேண்டாத சீஸ் உருக்கும் சட்டி.
காலணிகள் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு,
ஒன்று வாங்கினால் அடுத்தது பாதி விலை என்ற
ஏதோ ஒரு நல்ல வருடத்தில் வாங்கியவை.
இது உன் ஜோடி, என்றான்.
எண்ணிப் பார்த்தேன். இரண்டு இருந்தது.
ஜிப்பை இழுத்து மூடினேன்.
எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றுதான்
வக்கீலம்மாவும் சொல்லியிருந்தார்.

ஆஸ்திரியாவில் காலை எட்டரை.
லிஃப்டுக்குப் பக்கத்தில் மரப் பெஞ்சு.
இடது கால் போனது, கொக்கி டக்கென்று விழுந்தது.
அடுத்ததில் வலது காலை விட்டேன்.
உள்ளே ஒரு குடித்தனம் வைக்கலாம்,
அவ்வளவு இடம்.
ஆனால் பாதம் ஒரு திசை பார்க்க
காலணி வேறு திசை பார்த்தது.
கழற்றினேன். மாட்டினேன். கழற்றினேன்.
ஐந்து வயதுக் குழந்தைகள்
வாத்துக் குஞ்சுகளாய் வரிசையில் என்னைக் கடந்து
மலையேறிப் போனபின்தான்
அடிப்பாகத்தில் இருந்ததைப் படித்தேன்:
முப்பத்தேழு, இடது.
நாற்பத்தைந்து, இடது.

நான்கு மாதத்தில் முதல் போன்.
எடுத்ததும் அவன் கேட்டான்:
'இடதா?'
'இரண்டும்.'
அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியக் காற்று,
அப்புறம் சிரிப்பு, இருமலாக மாறும் அவனுடைய அதே சிரிப்பு.
முந்தாநாளிலிருந்து விடுதிச் சமையற்காரரோடு
சீட்டாடிக்கொண்டிருக்கிறானாம்.
'ஏன் கூப்பிடவில்லை?'
'நீ கூப்பிடுவாய் என்று தெரியும்.'
தெரியும்தான்.
இடக்கும் என்னுடையது,
வலிய வந்து பேசுவதும் என்னுடையது.
பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

வாடகைக் கடை வால்புர்கா
என் காலணிகளை மேசைமேல் வைத்து
மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
'போன வாரம் ஒருத்தர்
பலகைப் பையில் திரைச்சீலைக் கம்பி கொண்டுவந்தார்'
என்று ஆறுதல் சொன்னாள்.
எடை எழுது, வயது எழுது,
திறமை: தொடக்கம், நடுத்தரம், வல்லவர்.
நடுத்தரம் என்று எழுதினேன்,
எல்லாவற்றுக்கும் சேர்த்து.
பச்சை நிறக் காலணி கொடுத்தாள்.
யாரோ ஒருவரின் வியர்வை
இன்னும் முழுதாகக் காலிசெய்யாமல் உள்ளே இருந்தது.

மூன்றாம் வளைவில் விழுந்தேன்.
பலகை ஒன்று கழன்று
எனக்கு முன்பாக, தன்பாட்டுக்கு,
அழகாக, என்னைவிட அழகாக,
கீழே போய்
ஒரு சூப் கடை வாசலில் நின்றது.
வானம் பார்த்துக் கிடந்தேன்.
முதுகுக்குள் பனி இறங்கியது.
எழுந்திருக்க அவசரமே இல்லை.

ஞாயிறு மாலை, பிராக் ரயில் நிலையம்.
நான் ஒரு நாற்பத்தைந்தை நீட்டினேன்,
அவன் ஒரு முப்பத்தேழை.
அவன் மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.
சீட்டாட்டத்தில் எப்படி உரியும் என்று கேட்கவில்லை.
'பல்பு?' என்றான்.
'மாற்றியாயிற்று.'
தலையாட்டினான்.
பலகைகளைத் தோளில் குறுக்கே போட்டு நடந்தான்.
பத்தடி தள்ளி
ஏதோ சொல்ல நினைத்து
திரும்பினான்.

தூணில் ஒரு டங்.
பாப்கார்ன் வாளியோடு ஒரு பையன் குனிந்தான்.
இவன் அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்கத் திரும்ப
இந்தப் பக்கம் ஒரு தொப்பி.

என் டிராம் வந்துவிட்டது.