ஒன்றா, ஏழா

ஜூன் பன்னிரண்டில் பள்ளிச் சாவியை ஒப்படைத்தேன்.
பதின்மூன்றில் படகுத்துறை டீசல் பம்ப்பின் சாவி கைக்கு வந்தது.
மணிக்குப் பதினாறு டாலர், தொப்பி இலவசம்.
பேஃபீல்டில் கோடைக்கால ஆசிரியர் என்றால் இதுதான்.
அப்பாக்களின் படகில் வரும் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்
"மிஸ் ஹாத்தயா, நீங்களா?" என்று விழிக்கிறார்கள்,
பல் டாக்டரை நீச்சல் உடையில் பார்த்துவிட்டது போல.

மூடுபனி இறங்கிய காலைகளில் ஒரு படகும் அசையாது.
சாவடியில் டீசல் நெடி, ஒரு ஸ்டூல்,
துறைமுக அலுவலகத்திலிருந்து கசியும் வைஃபை இரண்டு கோடு.
தலைமையாசிரியர் க்ளென் வோய்ட் அனுப்பியிருந்தார்
அறுபத்திரண்டு சுட்டிகள். தலைப்பு: ஓய்வாக இருக்கும்போது.
ஓய்வாக!
நான் சிரித்த சத்தத்தில் ஒரு கடற்புறா எழுந்து பறந்தது.

நல்லவை இருந்தன, இல்லை என்று சொன்னால் பாவம்.
விரலால் இழுத்தால் மலை முளைக்கும் ஒன்றில்
ஆறு தன் பாதையைத் தானே வெட்டிக்கொண்டு போனது.
கழுகுக் கூட்டின்மேல் இமைக்காத கேமரா.
மூன்று குஞ்சுகளில் ஒன்றை வியாழனுக்குப் பிறகு காணோம்;
அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று
கூடவே இருந்த பாடக்குறிப்பில் ஒரு வரி இல்லை.
பூமி நடுங்குவதை அப்போதைக்கப்போது வரையும் கோடு:
சிலியில் யார் வீட்டு அலமாரியோ ஆடுகிறது,
நான் இங்கே காபியை ஊதிக் குடிக்கிறேன்.
உருகுவே ஆசிரியை ஒருத்தி, அவித்த முட்டையின் ஓட்டை நொறுக்கி
கண்டங்களை நகர்த்திக் காட்டியிருந்தாள்.
அப்படியே திருடிக்கொண்டேன்.
திருடச் சொல்லித்தான் வைத்திருக்கிறாள்.

நாற்பத்தோரு டேப் திறந்து கிடந்தன.
ஜூலை ஒன்பதில் மடிக்கணினி தானாக அணைந்து, தானாக எழுந்தது,
தலைமுழுகி வந்தவனைப் போல.
எல்லாம் போயிற்று.

மிஞ்சியது டீசல் ரசீதின் பின்புறம் கிறுக்கியிருந்த ஒன்று.
பழைய கலங்கரை விளக்கக் காவலர்களின் தினக்குறிப்பைப் படித்துத்
தட்டச்சு செய்து தாருங்கள், வானிலை ஆய்வுக்கு உதவும்.
சம்பளம் கிடையாது.
ஒரே ஒரு பக்கம் என்று உட்கார்ந்தேன்.

1887, அக்டோபர். காவலர் அலோய்ஸ் பிரென்டல்.
பனி. பதினான்கு மணி நேரம் சங்கு ஊதினோம்.
பனி. விறகு குறைகிறது.
பனி. மனைவிக்குப் பல்வலி.
பிறகு, காற்றின் வேகம் என்ற கட்டத்தில், கோழி கிளறிய ஒரு எண்.
ஒன்றா, ஏழா?
ஒன்று என்றால் ஏரி தூங்குகிறது.
ஏழு என்றால், அன்று விடியலில் பலகை ஏற்றிக்கொண்டு
தீவைத் தாண்டிப் போன பாய்மரக் கப்பல்…
பக்கத்தைத் திருப்பவில்லை.
அவருடைய மற்ற ஏழுகளைத் தேடிக்கொண்டு பின்னால் போனேன்.
ஏழுக்கு இடுப்புக் கோடு போடாத மனிதர்.
ஒன்றுக்கு மூக்கு நீளம்.
பதினோரு பக்கம் தள்ளிப் பிடிபட்டது:
கை அவசரப்பட்டால் ஏழின் தலை சரிகிறது.
ஏழுதான்.

அப்போதுதான் ஓரின் மாக்கி நினைவுக்கு வந்தான்.
அவனுடைய ஒன்றும் ஏழும் ஒட்டிப் பிறந்தவை.
மே மாதத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணை வெட்டி
தெளிவாக எழுது என்று சிவப்பில் போட்டேன்.
இறந்து நூறாண்டான ஒருவருக்கு ஒரு முழுக் காலை;
அவன் தாளுக்கு நான் கொடுத்தது
பேனா மூடியைக் கழற்றும் நேரம்.

மதியம் பனி கலைந்ததும் மாக்கி வீட்டுப் படகு வந்தது.
கயிற்றை வீசிவிட்டு அவனே துறைமேல் குதித்தான்.
அவன் அப்பா டாங்கைத் திறப்பதற்குள்
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
"இது என்ன எண், ஓரின்?"
"ஏழு."
"எப்படித் தெரியும்?"
"காத்து அடிக்கும்போது யாரு நிதானமா எழுதுவாங்க?
சரி, கப்பல் என்ன ஆச்சு?"
"அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நான் இன்னும் படிக்கவில்லை."

நாற்பது காலன் நிரப்பி, கைதுடைத்து,
ரசீதின் பின்னால் அந்த முகவரியை எழுதிக் கொடுத்தேன்.
படகு விலகும்போது தாளை முகத்தருகே பிடித்துக் கத்தினான்:
"மிஸ், கடைசியில இருக்கிறது
ஒன்றா, ஏழா?"